ஈகமும் தனிமையும்

சுயி இஷிடா எழுதி வரைந்து 2011 முதல் வெளிவந்த 'டோக்கியோ கூல்' என்னும் யப்பானியச் சித்திரக்கதைத் தொடர், 2014இல் அனிமே எனப்படும் அசைவோவியத் தொடராகவும் உருப்பெற்றது. அதன் தலைவன் கனேகி கென், நூல்களைத் துணையாகக் கொண்ட மென்னெஞ்சினன். பிறரை வருத்துவதினும் தான் வருந்துதல் மேல் எனத் தாயிடம் கற்றவன். மனித ஊன் உண்டு வாழும் 'கூல்' இனத்தாள் ஒருத்தியின் உறுப்பு விபத்தொன்றின்பின் அவனுக்குப் பொருத்தப்படவே, இரு குலத்துக்கும் உரியனாய், இரண்டிலும் அந்நியனாகின்றான்.

அவனைத் தனிமைக்கு உய்த்தது பிறர் கொடுமை மட்டுமன்று. யமோரி என்பவனின் சித்திரவதைக்கிடையே, உடன்பிறந்தாளின் பொருட்டு உழைத்துழைத்து மாண்ட தாயை நினைக்கின்றான். அவ்வீகம் பெற்ற மகனையே தனியனாக்கியமை அப்பொழுது அவனுக்குத் தெளிவாகின்றது. தாய் கற்பித்த அறத்தைத் துறக்கின்றான்; தலைமயிர் வெளிறுகின்றது. எனினும், விடுபட்டபின் அவன் செய்வது யாது? அன்பரைக் காக்கும் வலிமை தேடி, புகலளித்த 'அந்தேகு' கோப்பிக்கடையை விட்டகல்கின்றான். தாயின் பிழையே வேறு வடிவில் மீள்கின்றது.

இங்கேதான் ஆசிரியரின் நுண்ணுணர்வு புலனாகின்றது. கனேகியின் ஈகத்தின் அடியில், கைவிடப்படுவேனோ என்னும் அச்சம் உறைகின்றது. தனிமைக்கு அஞ்சியவன் அவ்வச்சத்தாலேயே தனிமையை எய்துகின்றான். கதையின் தொடர்ச்சி 2018இல் நிறைவுறுங்கால் அவனை உய்விப்பது மற்றொரு பலியன்று. மனைவி மகவோடு கூடிவாழ இசைதலேயாகும். பிறர்க்கெனத் தன்னை அளித்தல் பெரிது. பிறர் அன்பை ஏற்றலும் அதனோடொத்த அறமே.