நாச்சியார் திருமொழியில் நிறைவேறா வேட்கை

ஆண்டாள் திருவரங்கனோடு கலந்தாள் என்னும் குருபரம்பரைச் செய்தியின் வழியே, 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியின் காதல் நிறைவேறியதாகக் கொள்ளப்படுவதுண்டு. பாசுரங்களின் வைப்புமுறை அதற்கு இடந்தரவில்லை.

ஆறாம் திருமொழியில் திருமணம் தோழிக்கு உரைக்கும் கனவாகவே அமைகிறது. அடுத்த திருமொழியிலேயே தலைவி, கண்ணனின் வாய்ச்சுவையை வெண்சங்கிடம் வினவி நிற்கிறாள். பதின்மூன்றாம் திருமொழியில் வேட்கை முறுகுகிறது. அவன் அரையாடையால் தனக்கு வீசுமாறு வேண்டுபவள், அவனைக் காணின் பயனற்ற தன் கொங்கையைப் பறித்து அவன் மார்பில் எறியவும் துணிகிறாள். கண்ணகி எறிந்தது மதுரைமேல். இவள் எறிய நினைப்பது காதலன்மேல். வேட்கையும் சினமும் இங்குப் பிரிக்க இயலாதவை.

இறுதியாகிய பதினான்காம் திருமொழி விருந்தாவனத்தில் அவனைக் கண்டதை மட்டுமே கூறுகிறது. காட்சி உண்டு, கூடல் இல்லை. குருபரம்பரை தரும் நிறைவைப் பாசுரங்கள் தாராமையே அவற்றின் ஆற்றல் எனலாம்.