பேஸ்ட்டும் ஜாயினும்: ஒரு மதிப்பீடு

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். பெயர்கள் ஒரு கோப்பிலும் மதிப்பெண்கள் வேறொரு கோப்பிலும் உள்ளன. இரண்டையும் வரிக்கு வரி சேர்த்து ஒரே பட்டியலாக்க வேண்டும். யூனிக்ஸ் கணிப்பொறிகளில் இதற்கென்றே ‘பேஸ்ட்’ என்றொரு கட்டளை உண்டு. அதன் பின்னால் இரு கோப்புகளின் பெயர்களையும் தட்டினால் போதும். முதல் வரியோடு முதல் வரி, இரண்டாவதோடு இரண்டாவது என்று நொடியில் சேர்த்துத் தந்துவிடும்.

ஒருவர் பெயர் வாசிக்க, மற்றவர் மதிப்பெண் வாசிக்க, மூன்றாமவர் எழுதிக்கொண்டே போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேஸ்ட் செய்வதும் அதைத்தான். நேரும் பிழையும் அதேதான். பெயர்க் கோப்பில் 3ஆம் மாணவன் விடுபட்டு, மதிப்பெண் கோப்பில் 17ஆம் மாணவனின் மதிப்பெண் விடுபட்டதாகக் கொள்வோம். இரண்டிலும் 39 வரிகள். எண்ணிப் பார்த்தாலும் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் 4 முதல் 17 வரையுள்ள 14 பேருக்கும் தமக்கு முந்தியவரின் மதிப்பெண் விழுந்திருக்கும்! 18ஆம் மாணவனிலிருந்து மறுபடி எல்லாம் ஒழுங்கு. பட்டியலின் தலையையும் வாலையும் மட்டும் பார்ப்பவர் கையெழுத்திட்டு விடுவார்.

இதற்காகப் பேஸ்ட்டை ஒதுக்கிவிட வேண்டாம். நீண்ட ஒரே பத்திப் பட்டியலை மூன்று பத்திகளாக மடிக்க அதைப்போல் எளிய கருவி வேறில்லை. ஆனால் ஆட்களின் கணக்கை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

அதற்கு உரியது ‘ஜாயின்’. பெல் ஆய்வுக்கூடம் 1979இல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது இருந்தது. பதிவு எண் இரு கோப்புகளிலும் இருந்தால், எண் ஒத்த வரிகளை மட்டுமே இது சேர்க்கும். ஒருவர் மதிப்பெண் மற்றவருக்குப் போகாது. ஆயினும் இணை கிடைக்காத 3, 17 ஆகிய இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் பட்டியலைவிட்டு மறைந்து போவார்கள். இந்த மௌனத்தைத்தான் நான் குறை கூறுவேன்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஜாயின் ஒவ்வொரு கோப்பையும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை படித்துச் செல்கிறது. நினைவகம் மிகக் குறைந்த பி.டி.பி. 11 போன்ற பொறிகளில் பிறந்த கருவிக்கு இது சிக்கனமான வழிதான். ஆனால் அதற்காகக் கோப்புகள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அகரவரிசையில் 10 என்பது 9க்கு முன்னால் வரும்! நீங்கள் 1, 2, 3 என்று எண் வரிசையில் அடுக்கியிருந்து, ஒரு கோப்பில் மட்டும் 9 இல்லாமற்போனால் என்ன ஆகும்? மற்றதில் நிற்கும் 9ஐ எட்டிப்பிடிக்க 10, 11, 12 என்று கடைசிவரை தள்ளிக்கொண்டே போய்விடும். கிடைப்பது முதல் 8 பேர் மட்டும். இன்றைய கனூ பதிப்பு வரிசை பிறழ்ந்ததென்று எச்சரிக்கிறது; அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்களும் உண்டு.

எண்களை 01, 02 என்றே எழுதுங்கள். இரு கோப்புகளையும் ‘சார்ட்’ கட்டளையால் முதலில் அடுக்குங்கள். பிறகு ‘வீ’ என்னும் எழுத்தைச் சிறுகோட்டுடன் சேர்த்து, இரு கோப்புகளுக்குமாக ஜாயினை ஒருமுறை ஓட்டுங்கள். இணையில்லாத வரிகள் மட்டும் திரையில் வரும். 03உம் 17உம் அங்கே நிற்பதைக் காண்பீர்கள்.