தீரு நகர் வில்லியமும் அவர் காணாத குடிகளும்

எருசலேம் இராச்சியத்தின் அரசரைப் பற்றி இன்று எவர் எழுதப் புகுந்தாலும், தீரு நகரின் பேராயராக விளங்கிய வில்லியத்துக்குக் கடன்பட்டவராகவே எழுதுகின்றார். சிலுவைப் போர் வீரர் 1099ஆம் ஆண்டில் எருசலேமைக் கைப்பற்றி நிறுவிய அரசின் கதையை, 1184ஆம் ஆண்டுவரை கொண்டுவந்து, இருபத்து மூன்று பாகங்களில் இலத்தீனில் எழுதிவைத்தவர் அவர். எருசலேமிலே பிறந்தவர், மேலைத்தேயத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு கற்று 1165இல் மீண்டவர், அரசிளங்குமரனின் ஆசிரியராகி, பின்னர் அரச ஆவணங்களுக்கெல்லாம் பொறுப்பான உயர் அதிகாரியாகவும் பேராயராகவும் உயர்ந்தவர். அவரது எழுத்தாற்றலை நாம் மறுக்கவில்லை. மறுக்க முடியாதிருப்பதனாலேயே அந்நூலை விழிப்போடு படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆற்றலுக்கு ஓர் உதாரணம் போதும். இளவரசன் போல்ட்வின், பிரபுக்களின் மக்களோடு விளையாடுகிறான். சிறுவர் ஒருவரையொருவர் நகத்தாற் கிள்ளுகின்றனர். மற்றையோர் அலறுகின்றனர், இவன் மட்டும் வாய் திறவாது நிற்கிறான். பிள்ளையின் பொறுமை என்று முதலில் எண்ணிய ஆசிரியர், அழைத்து விசாரித்த பின்னரே, வலக்கையிலும் புயத்திலும் பாதி மரத்துப்போயிருப்பதை அறிகிறார். தொழுநோயின் முதற் குறி அது. பெரிய சொல் ஒன்றும் இல்லை, ஓலம் இல்லை. ஆனால், பதின்மூன்று வயதில் முடிசூடி இருபத்து நான்கு வயதளவில் மறைந்த ஓர் அரசனின் முழுத் துயரமும் அந்த விளையாட்டுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது. கண்ணாற் கண்டதை எழுதும்போது வில்லியம் பெரிய எழுத்தாளர்.

கட்சி சேர்ந்து எழுதும்போது நிலைமை வேறு.

இராச்சியத்தின் அதிகாரப் போட்டிகள் பெரும்பாலும் வாரிசுரிமையையும் அரசகுலப் பெண்களின் திருமணத்தையும் சுற்றியே எழுந்தன. இரண்டாம் போல்ட்வினுக்கு ஆண் மகவு இல்லை. மூத்த மகள் மெலிசென்ட் 1129இல் அஞ்சு நாட்டுப் பிரபு ஃபுல்க்கை மணந்தாள். 1131இல் இருவரும் முடிசூடினர். மனைவியின் உரிமையை ஒதுக்கித் தானே ஆள முற்பட்டான் ஃபுல்க். 1134இல் யாப்பாவின் பிரபு ஹியூ கலகம் செய்தான். அரசிக்கும் ஹியூவுக்கும் நெருக்கம் என்ற ஊர்ப்பேச்சை வில்லியம் கோடிட்டுக் காட்டுகிறார். ஆயினும், அதன் பின் அரசியின் சம்மதமின்றி ஃபுல்க் எதுவும் செய்யவில்லை என்பதையும் அவரே பதிந்துள்ளார். படுக்கையறைச் சங்கதியன்று, ஆட்சியுரிமைச் சங்கதியே அது என்று பிற்கால ஆய்வாளர் கொள்வதற்கு அவரது நூலே சான்றாகிறது. 1152இல் தாயும் மகன் மூன்றாம் போல்ட்வினும் நாட்டைப் பங்கிட்டனர், பங்கீடு நிலைக்கவில்லை, எருசலேமின் தாவீதின் கோபுரத்திலிருந்த தாயை மகனே முற்றுகையிட்டான். அவள் நப்லுஸ் நகருக்கு ஒதுங்கினாள். நாட்டைத் திறம்பட ஆண்டவள் என்று மெலிசென்டுக்கு வில்லியம் தரும் மதிப்பு, அக்காலத்துக் குருவானவர் ஒருவரிடம் எளிதில் எதிர்பார்க்கக்கூடியதன்று. அதை அவர் பக்கத்தில் வைத்தே எண்ண வேண்டும்.

தொழுநோய் அரசனின் காலத்துக்கு வரும்போது இந்த நிதானம் குலைந்துவிடுகிறது. திரிப்போலியின் றேமண்ட் ஆட்சிப் பொறுப்பாளனாக இருந்தபோதே வில்லியம் உயர் பதவி பெற்றார். 1180இல் எருசலேம் தலைமைப் பேராயர் பதவி அவருக்குக் கிட்டாமல் ஹெராக்ளியஸுக்குப் போயிற்று. அவ்விடயத்தைச் சில சொற்களில் அவர் கடந்துவிடுகிறார். ஆனால், அரசனின் தாய் ஆக்னஸைப் பற்றி எழுதும் வசைக்குச் சொற்பஞ்சம் இல்லை. நல்லோர் ஒருபுறம், பேராசைக்காரர் மறுபுறம் என்ற பிரிவு இங்கிருந்தே புறப்படுகிறது.

இந்தப் பிரிவு ஆசிரியரின் சமாதியோடு புதைந்துவிடவில்லை. ஸ்டீவன் றன்சிமன் 1952இல் வெளியிட்ட பாகத்தில், மண்ணறிந்த பிரபுக்கள் ஒரு கட்சி, அரண்மனைக்காரரும் புதிதாய் வந்தோரும் மறு கட்சி என்று அழகாகக் கதை சொன்னார். ஆக்னஸும் அவள் தம்பி ஜொஸ்லினும் கீழைத்தேயத்திலேயே வேரூன்றிய குடும்பத்தவர் என்ற எளிய உண்மைக்கு முன்னே இக்கட்சிப் பிரிவு தள்ளாடுகிறது. பீட்டர் எட்பரி 1993இல் எழுதிய கட்டுரை, இது பெரிதும் தோற்றவரின் ஆதரவாளர் விட்டுச்சென்ற பிரசாரம் என்று காட்டிற்று. எனினும், 2005இல் ரிட்லி ஸ்கொட் எடுத்த 'கிங்டம் ஒஃப் ஹெவன்' திரைப்படம் பழைய பிரிவையே மறுபடி வெண்திரையில் நிறுத்தியது. அதன் நாயகன் இபெலின் குடும்பத்துப் பாலியன். குடியானவரோடு சேர்ந்து வறண்ட நிலத்தில் நீர் தேடித் தோண்டுகிறான் அவன்!

அந்தக் குடியானவர் உண்மையில் எங்கே? வில்லியத்தின் நூலில் அவர்களைத் தேடினால், ஓரிடத்தில் அகப்படுகின்றனர். 1183ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஸலாஹுத்தீனை எதிர்க்கப் பணம் வேண்டி நாடெங்கும் வரி விதிக்கப்பட்டது. அக்கட்டளையை வில்லியம் தம் நூலிற் சேர்த்திருக்கிறார். நூறு பொற்காசு பெறுமதி உடையவன் நூற்றுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அவ்வளவு இல்லாதவன் அடுப்பொன்றுக்கு ஒரு காசு. கிராமங்களில் அடுப்புக்கு ஒன்றாகப் பிரபு செலுத்திவிட்டுக் குடிகளிடம் அறவிடலாம். மொழி, இனம், மதம், ஆண் பெண் என்ற வேறுபாடு எதுவும் பாராது வரி வாங்கப்படும் என்கிறது கட்டளை. நீதிமன்றத்திலும் நிலவுடைமையிலும் மதமும் இனமும் அணு அணுவாக அளக்கப்பட்ட ஓர் அரசில், வரி வாங்கும் வேளையில் மாத்திரம் சமத்துவம் உதித்துவிட்டது. இதன் கசப்பு வில்லியத்துக்குத் தோன்றவில்லை. அவர் அதை நிருவாகச் செய்தியாகவே எழுதிச் செல்கிறார்.

மறுவருடம், வில்லியத்தின் நூல் நின்றுபோன அதே 1184இல், அந்தலூசியாவிலிருந்து வந்த பிரயாணி இப்னு ஜுபைர் தமஸ்குவிலிருந்து அக்கா நகருக்குச் சென்றார். வில்லியத்தின் தீரு நகரையும் கண்டார். வழியில் திப்னீனை அடுத்த கிராமங்களில் வாழ்ந்த முஸ்லிம் குடியானவரைப் பற்றி அவர் குறித்துள்ளார்: அறுவடையில் பாதி பிரபுவுக்கு, தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும், மரக்கனிகளுக்குச் சிறு வரி. தம் மதத்தவரான பிரபுக்களின் கீழுள்ளோரைவிட இவர்கள் நிம்மதியாக இருக்கின்றனர் என்று அவர் வருந்தி எழுதுகிறார். இவ்வருத்தத்தை இருபக்கத்தாரும் தத்தமக்கு வசதியாக எடுத்தாளுவதுண்டு. நாம் காண்பது ஒன்றே: அறுவடையிற் பாதி போன பின்னரும் ஒரு குடியானவன் தன்னை நிம்மதியுள்ளவன் என்று கருதினானெனில், எல்லைக்கு அப்பால் அவன் உறவினனின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

எல்லாப் பிரபுக்களும் அந்த அளவோடு நிற்கவுமில்லை. நப்லுஸை அண்டிய ஜம்மாயீல் பகுதி மக்களின் கதையை, அவர்கள் வழிவந்த தியாஉத்தீன் என்பவர் பின்னாளில் எழுதிவைத்தார். பிற பிரபுக்கள் தலைக்கு ஒரு தீனார் வாங்க, இவர்களின் பிரபு நான்கு வாங்கினான், கால்களைத் தறித்தான். அவனை இபெலின் குடும்பத்துப் போல்ட்வின் என ஆய்வாளர் இனங்காண்பர். திரைப்படத்தின் நாயகனான பாலியனுக்கு உடன்பிறந்தவன்! 1186இல் கீ அரசனாகியபோது, அவனுக்குப் பணியமாட்டேன் என்று நிலத்தை விட்டு வெளியேறியவனும் இவனே. பிரபுக்களின் கதையில் மானஸ்தன்.

ஜம்மாயீலின் சமயப் போதகர் அஹ்மத் இப்னு குதாமா 1156அளவில் தமஸ்குவுக்குத் தப்பியோடினார். பிறகு அவர் குடும்பத்தாரும், அயற்கிராமங்களிலிருந்து மற்றோரும் சிறிது சிறிதாக வெளியேறினர். வில்லியத்தின் இருபத்து மூன்று பாகங்களில் இவர்களுக்கு ஒரு வரி கிடையாது. தமஸ்குவின் காசியூன் மலைச்சாரலில் அவர்கள் குடியேறிய இடம் ஸாலிஹிய்யா என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது.