மச்சின்மேல் கான்கிரீட்

பாறசாலை, செங்கல், நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பழைய வீடுகளில் அயினியோ தேக்கோ உத்தரமாகக் கிடக்கும் மச்சை, 'நடந்தால் அதிர்கிறது' என்று இடித்துவிட்டு ஆர்.சி.சி. போடுகிறார்கள். இடிக்காமல், உத்தரங்களின் மேலேயே ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட் வார்த்து இரண்டையும் பிணைக்கவும் வழி உண்டு. ஜெர்மனியில் 1920களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், மரம் இழுவையைத் தாங்கும். ஆனால் பிணைப்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் இரண்டும் தனித்தனியே வளைந்து வழுக்கும். கான்கிரீட் வெறும் பாரமாகிவிடும். வழுக்காமல் பிடித்துவிட்டால், வெறும் மரத்தளத்தைவிடச் சுமைதிறன் ஏறத்தாழ இரு மடங்கும், விறைப்பு மூன்று நான்கு மடங்கு வரையும் கூடும். காலடிச் சத்தமும் குறையும்.

ஆக, வித்தை முழுவதும் இணைப்பில்தான். வெறும் ஆணி, சுமை ஏற ஏற மரத்தை நசுக்கிக்கொண்டு தளரும். உத்தரத்தின் மேல்முகத்தில் பள்ளம் வெட்டி, கான்கிரீட்டே பல்லாக அதில் இறங்கி நிற்கும்படி செய்து, நடுவே கனத்த திருகாணி ஒன்றை இறக்குவது மேலான முறை. நம் ஆசாரிகளுக்கு அந்தப் பள்ளம் ஒரு பொருட்டே அல்ல. எங்கே நெருக்கமாக வெட்டுவது என்பதில்தான் கண் ஏமாற்றும். தொய்வு நடுவில் தெரியும். வழுக்கல் மிகுவதோ சுவரோரத்தில். நெருக்க வேண்டியது அங்கே.

குறைகளும் சிறியவை அல்ல. ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இறுகும்வரை கீழே முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். உலரும்போது கான்கிரீட் நாலு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். மரம் நீளவாக்கில் அப்படிச் சுருங்காது. அதனால் தளம் கீழ்நோக்கித் தொய்யும்.

பெரிய பகை ஈரம். இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர் இது. சுவருக்குள் புதைந்த உத்தர முனையில் நீர் இறங்கினாலோ கறையான் ஏறினாலோ, மேலே கான்கிரீட் இருப்பதால் வெளியே தெரியாது. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் கட்டைகளின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாய் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்டார்கள், மரத்தைப் பூட்டிப்போடவில்லை. உளுத்த கட்டை ஒன்றைக் கீழிருந்தே மாற்றலாம். பல்லும் திருகாணியுமாய்ப் பிணைத்த தளத்தில் அது நடவாது.

என் தீர்ப்பு இதுதான்: மேலே ஓட்டுக்கூரையும் தாழ்ந்த இறவாணமும் இருந்து, உத்தர முனைகளை உளி குத்திப் பார்த்து உறுதியென்று கண்டால், உள்மச்சுக்கு இந்த முறை இடிப்பதைவிட நல்லது. திறந்த மொட்டைமாடிக்கும் குளியலறைத் தளத்துக்கும் வேண்டவே வேண்டாம். எதுவானாலும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தந்த பிறகே கலவை குழையுங்கள்.