மலிவு மருந்தகமும் மருந்துச் சீட்டும்

மருந்துக் கொள்முதலில் தமிழ்நாட்டுக்கு உள்ள நல்ல பெயர் 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் வந்தது. மூலப்பெயரில் (ஜெனரிக்) டெண்டர், மாவட்டக் கிடங்குகள், மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக், கிடங்குக்கு வரும் சரக்கில் மாதிரி எடுத்துச் சோதனை என அதன் முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. மதுரை பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்குச் சர்க்கரை மாத்திரை காசில்லாமல் கிடைக்க இந்த ஏற்பாடே காரணம். இதில் குறை சொல்ல அதிகமில்லை.

2025 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட 1000 முதல்வர் மருந்தகங்களுக்கும், 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களுக்கும் இதே பெருமையை நீட்டுவது பொருந்தாது. வெளிக்கடை விலையையும் மலிவுக்கடை விலையையும் அருகருகே வைத்து, இடைவெளியைச் சேமிப்பு என்று காட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் சீட்டு எழுதும் டாக்டரைக் காணோம்.

மதுரை திருநகரில் ஒருவருக்கு ரத்த அழுத்தத்துக்குத் தனியார் டாக்டர் அட்டெனலால் கொடுக்கிறார் என்று கொள்வோம். சீட்டில் அட்டெனலால் என்ற சொல் இராது. ஏதோ ஒரு கம்பெனி வைத்த பெயர்தான் இருக்கும். மலிவுக்கடை அலமாரியில் அதே மருந்து இருக்கிறது. ஆனால் மருந்து விதிகளின் 65(11ஏ) பிரிவு, அட்டவணை எச்-இல் உள்ள மருந்துக்குச் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றை, உள்ளிருப்பது ஒன்றேயானாலும், கொடுக்கக் கூடாது என்கிறது. மாற்றிக் கொடுத்தால் கடைக்காரர் விதியை மீறியவர். கொடுத்தாலும் நோயாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டர் எழுதினது இது இல்லையே" என்று எதிர்த்த மெடிக்கலுக்கு நடப்பார்.

சேமிப்பை அளக்கும் கோலும் சரியில்லை. 1995 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை உற்பத்திச் செலவைப் பார்த்தது. 2013 ஆணையோ, சந்தையில் 1 விழுக்காட்டுக்குக் குறையாத பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைச் சராசரியாக்கி, சில்லறை வியாபாரிக்கு 16 விழுக்காடு கூட்டி உச்சவரம்பு வைக்கிறது. விலை கூடிய பிராண்டுகளும் கலந்த சராசரி அது. அதன் பக்கத்தில் எதை வைத்தாலும் மலிவாகவே தெரியும். உச்சவரம்புக்கு உட்பட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்தின் விலை ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை ஏறலாம். ஒற்றை மருந்துக்குப் பதில் பட்டியலுக்கு வெளியே உள்ள கூட்டு மாத்திரையை டாக்டர் எழுதிவிட்டால் உச்சவரம்பு இருந்தும் பயனில்லை.

மூலப்பெயரில் எழுதச் சொல்லி 2016-இலேயே மருத்துவ கவுன்சில் விதி செய்தது. 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தண்டனையோடு கொண்டுவந்து, டாக்டர் சங்கங்கள் எதிர்த்ததும் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. ஜெனரிக் மருந்தின் தரம் பற்றிய அச்சம் எதிர்த்தவர்களின் வாதம். அச்சம் வெற்று அச்சமில்லைதான். ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது சோதனைக்கூடம். அட்டையில் உள்ள கம்பெனிப் பெயர் எந்தத் தரத்துக்கும் சான்று ஆகாது.

டாக்டர் எழுதுவதையும் கணக்கில் கொண்டுவர முடியும். இங்கிலாந்தில் ஒவ்வொரு பொது மருத்துவர் நிலையமும் எழுதிய மருந்துகள், அவற்றின் செலவோடு மாதந்தோறும் வெளியாகின்றன. எவரும் நாட்டுச் சராசரியோடு ஒத்துப் பார்க்கலாம். திருநகர்த் தனியார் சீட்டுகளுக்கு அப்படியொரு பொதுப் பதிவேடு கிடையாது. எந்த டாக்டர் எதை எழுதுகிறார் என்பது மெடிக்கல் பில்களிலும், கடை கடையாய் ஏறி விசாரிக்கும் மருந்துக் கம்பெனி ரெப்பின் குறிப்பிலும் இருக்கிறது.