தான்றிமரமும் நிகழ்தகவும்

பண்டை இந்தியர் புள்ளியியலை அறிந்திருந்தனர் என நிறுவ முற்படுவோர், நளன் கதையில் வரும் தான்றிமரக் காட்சியைச் சான்று காட்டுவர். நளவெண்பா வாயிலாகத் தமிழர் நன்கறிந்த கதை அது. வாகுகன் என்னும் பெயரில் தேரோட்டும் நளனிடம், அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியில் நின்ற மரத்தைச் சுட்டித் தன் எண்ணறிவைக் காட்டுகிறான். வியாச பாரதத்தின் வனபருவம் தரும் கணக்கு இது: இரு கிளைகளில் ஐந்து கோடி இலைகள், 2095 காய்கள். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975இல் நூல் எழுதிய கனடிய மெய்யியலறிஞர் இயான் ஹாக்கிங், மன்னன் ஒரு சிறு கிளையை நோக்கி மதிப்பிட்டான் போலும் என்று கருதினார். அந்தப் 'போலும்' என்னும் சொல்லைக் கைவிட்டு, மாதிரியெடுப்பு இங்கேயே பிறந்தது எனச் சாதிப்பது முறையன்று. மூலத்தில் மன்னன் மாதிரி எதையும் எண்ணியதாகக் கூறப்படவில்லை.

விடை பிசகாமல் பொருந்தியதே இக்கருத்துக்குப் பெரும்பகை. காய்கள் ஒன்றையொன்று சாராது காய்ப்பதாகக் கொள்வோம். அவற்றின் தொகை பாய்சான் பரவலைத் தழுவும். சராசரி 2095 என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், திட்ட விலக்கம் அதன் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 46 ஆகும். மூன்றில் இரு பங்கு வாய்ப்பில் தொகை 2049க்கும் 2141க்கும் இடையில் விழும். சரியாக 2095 ஆகவே அமையும் நிகழ்தகவு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஐந்து கோடி இலைகளுக்கோ அது ஏறத்தாழ 17,700இல் ஒன்று! மதிப்பீடு தெரிந்தவன் இவ்வாறு பந்தயம் கட்டமாட்டான். கவிஞர் வேண்டியது அற்புதம். அதை அவர் செம்மையாகவே படைத்தார்.

மெய்யான மதிப்பீட்டைக் காண விரும்புவோர் ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்குச் செல்லலாம். குளுவாங் வட்டாரமே போதும். நிரைகளிற் சில மரங்களைத் தேர்ந்து, பழுக்காத குலைகளை எண்ணிப் பெருக்கி, வரும் மாதங்களின் விளைச்சலைக் கணிப்பது தோட்டத் தொழிலில் நெடுநாள் வழக்கம். கணக்கு அப்படியே பலித்துவிட்டால் மேலாளர் மகிழமாட்டார், ஏட்டைத்தான் ஐயுறுவார்.

அவ்வாறாயின் மரம் எண்ணுதற்கும் சூதுக்கும் யாது தொடர்பு? பழஞ்சூதில் உருட்டியவை நாற்புறக் கட்டைகள் அல்ல, தான்றிக்காய்களே என்பது ஆய்வாளர் பலர் துணிபு. அள்ளிய காய்களை நான்கு நான்காக ஒதுக்கினால், மீதியில்லாதது கிருதம், ஒன்று மிஞ்சினால் கலி. எண்ணாமல் நிறைய அள்ளுபவனுக்கு ஒவ்வொரு மீதியும் ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஐந்து முறை அள்ளினால், ஈருறுப்புப் பரவலின்படி, ஒருமுறையேனும் கிருதம் விழும் நிகழ்தகவு 781/1024, அதாவது நான்கில் மூன்றுக்குச் சற்று மேல். ஆனால் கண்ணாலேயே எண்ண வல்லவனுக்கு இப்பின்னங்கள் எதற்கு? இருதுபன்னன் கற்பித்தது வாய்ப்பைக் கணிக்கும் கலையன்று, வாய்ப்புக்கே இடமளிக்காத விரைவெண்ணிக்கை. இப்படிக் கொண்டால்தான் காட்சி முழுதும் பொருந்துகிறது. புட்கரனோடு மறுமுறை ஆட அமர்ந்த நளன் தமயந்தியையும் பணயமாக வைத்தான். ஒரே எறிவில் வென்றான். நான்கில் ஒன்றை நம்பி எவனும் மனைவியை அங்கே வைத்திரான்.