இயற்கைக்கு வரலாறு உண்டு, நூதனசாலைக்கு?

நூதனசாலையும் ஒருவகையில் நூலே. அதற்கு ஆசிரியர் உண்டு, நோக்கம் உண்டு, எதை முன்னே வைப்பது, எதைச் சொல்லாது விடுவது என்ற தெரிவும் உண்டு. எனவே, இலக்கியப் படைப்பொன்றை விமர்சிக்கும் அதே உரிமையுடன் நூதனசாலையையும் விமர்சிக்கலாம். இலண்டன் தென் கென்சிங்ரனில் உள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையை அண்மையில் கண்டு திரும்பிய நாம், இந்நோக்கிலேயே சில கருத்துக்களை இங்கு முன்வைக்கின்றோம்.

1881 இல் திறக்கப்பெற்ற இக்கட்டடம் தேவாலயத்தை ஒத்தது. இதனை உருவாக்கப் பாடுபட்ட றிச்சாட் ஓவன் டார்வினின் கூர்ப்புக் கொள்கையை எதிர்த்தவர். அவர் விருப்பப்படி மேற்குப் புறச் சுவர்களில் வாழும் உயிரினங்களும், கிழக்குப் புறத்தில் மறைந்தொழிந்தவையும் சுடுமண் சிற்பங்களாக அமைந்தன. இரண்டுக்கும் இடையே தொடர்பில்லை என்ற வாதத்தைச் சுவரே பேசுவதாகக் கொள்வோர் உளர். 1885 இல் மண்டபத்தில் வைக்கப்பெற்ற டார்வினின் சிலை 1927 இல் ஓவனின் சிலைக்கு இடம் விட்டது. டார்வினின் இருநூறாவது பிறந்தநாள் (2009) நெருங்கிய வேளையிலேயே மீண்டும் படிக்கட்டுக்குத் திரும்பியது. விஞ்ஞானக் கூடமும் கருத்துப் போராட்டத்துக்கு வெளியே நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்நூதனசாலையின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1987 இல் விதிக்கப்பெற்ற நுழைவுக் கட்டணம் 2001 இல் நீக்கப்பட்டது. இன்று தொழிலாளியின் பிள்ளையும் காசின்றி உள்ளே வரலாம். இது பெரிய காரியம். மண்டபத்தின் நடுவே 1979 முதல் நின்ற டிப்ளோடோக்கஸ், அமெரிக்க உருக்கு முதலாளி கார்ணகி 1905 இல் வழங்கிய சாந்து வார்ப்பு. 2017 இல் அவ்விடத்தில் 25 மீற்றர் நீளமான நீலத் திமிங்கிலத்தின் உண்மை எலும்புக்கூடு தொங்கவிடப்பட்டது. 1891 இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய உயிர் அது. ‘நம்பிக்கை’ என்று அதற்குப் பெயரிட்டுள்ளனர். அழிவின் விளிம்புக்குச் சென்ற இவ்வினத்தை வேட்டையாடுவது 1966 இல் சர்வதேச அளவில் தடைசெய்யப்பட்டதே இப்பெயரின் பொருள்.

இங்குதான் நமது கேள்வி எழுகின்றது. அழிவின் விளிம்புக்குத் தள்ளியது யார்? ‘மனிதன்’ என்பது எளிய விடை. ஆனால், எண்ணெய் இலாபத்துக்காகக் கப்பல்களை அனுப்பியவனும், கடற்குளிரில் கூலிக்கு உழைத்தவனும், திமிங்கிலத்தைக் கண்ணாலும் காணாத உழவனும் ஒரே ‘மனிதன்’ ஆகிவிடுவார்களா? இயற்கையின் வரலாற்றைக் கூறும்போது சமுதாயத்தின் வரலாற்றைப் பொதுப்பெயரால் மூடிவிடக் கூடாது.

மண்டபமே இன்று, ஐம்பது இலட்சம் பவுண் நன்கொடையளித்த நிதி முதலீட்டாளர் ஹின்ற்சேயின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இந்நூதனசாலையின் மூலவித்து ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பு. அவர் கற்றவர், உழைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் செல்வத்தின் ஒரு பகுதி, மனைவி வழியாக, அடிமைகள் உழைத்த ஜமெய்க்காக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. கொடுத்தவர் பெயர் வாயிலில் நிற்க, உழைத்தவர் பெயர் எங்கே?

இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று. அங்குள்ள சேமிப்பறைகளில் நம் நாட்டுச் செடிகளும் உலர்ந்து கிடக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1670களில் இலங்கையில் பணியாற்றிய போல் ஹேர்மன் திரட்டியவை அவை. அவற்றை ஆராய்ந்தே லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஹேர்மன் செடிகளின் சிங்களப் பெயர்களையும் குறித்து வைத்தார். அப்பெயர்களை அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். காட்டுக்குள் வழிகாட்டிச் சென்றிருக்க வேண்டும். செடியின் பெயர் ஏட்டில் ஏறியது. சொன்னவன் பெயர் ஏறவில்லை. கறுவாவைக் கொண்டுசென்ற கம்பெனி அறிவையும் கொண்டுசென்றது.

இதைக் கேட்டதும், ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று மார்தட்டுவோர் இங்கு உளர். அது விஞ்ஞானத்துக்கும் உதவாது, மக்களுக்கும் உதவாது. உலகின் தாவரங்களையெல்லாம் ஒரே முறைக்குள் வகுத்த லின்னேயஸின் சாதனை மனித குலத்தின் பொதுச் சொத்து. ஹேர்மனின் தொகுதியை எவரும் பார்க்குமாறு இந்நூதனசாலை இணையத்தில் வெளியிட்டிருப்பதும் வரவேற்கத்தக்கதே. ஆனால், பொதுச் சொத்தென்றால் அதனைத் திரட்டிய அனைவருக்கும் கணக்கில் இடம் வேண்டும்.

உயிர்கள் இன்றைய வடிவை எவ்வாறு பெற்றன என்பதை அஞ்சாது கூறும் நூதனசாலை, தான் இன்றைய வடிவை எவ்வாறு பெற்றது என்பதையும் அஞ்சாது கூற வேண்டும். ஒவ்வொரு காட்சிப்பொருளின் அடியிலும் அதன் இனப்பெயருடன், அது எந்த மண்ணிலிருந்து, எவர் ஆட்சியில், எவர் உழைப்பால் வந்தது என்ற இரண்டு வரிகள் போதும். பிள்ளைகள் திமிங்கிலத்தை அண்ணாந்து பார்த்து வியக்கட்டும். வியந்தபின் அவ்விரண்டு வரிகளையும் வாசிக்கட்டும். விஞ்ஞானக் கல்வி அப்போதே முழுமை பெறும்.